அத்தியாயம் 7: நோட்டீஸ் வருவதற்கு முன்பே எழுதப்படும் பதில்

வக்கீல் நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததும் எந்த மருத்துவரும் முதலில் தேடுவது அந்த நோயாளியின் கேஸ் ஷீட்டைத்தான். அதற்குள் சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் ஓடியிருக்கும். அன்று டியூட்டியில் இருந்த நர்ஸ் வேலையை விட்டுப் போயிருப்பார். மயக்க மருந்து கொடுத்தவர் வேறு ஊருக்கு மாறியிருப்பார். நோயாளியின் முகமே உங்களுக்கு மங்கலாகத்தான் நினைவில் இருக்கும். உங்களுக்காகப் பேச மிச்சம் இருப்பது அந்தக் காகிதக் கட்டு மட்டுமே. அதில் அன்று நீங்கள் எழுதியதுதான் உங்கள் பதில். வக்கீலால் அதை எடுத்துச் சொல்ல முடியும், எழுதாததை உண்டாக்க முடியாது.

தமிழ்நாட்டில் கிளினிக்கோ சிறிய நர்சிங் ஹோமோ நடத்துபவர்களையும், பெரிய மருத்துவமனைகளில் இரவு டியூட்டி பார்க்கும் இளம் மருத்துவர்களையும் மனதில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. சட்டம் எதைத் தவறு என்கிறது, அன்றாட வேலையில் எதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும், பிரச்சினை வந்துவிட்டால் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் பார்ப்போம். உங்கள் மீது வழக்கு வந்துவிட்டால் இந்தப் புத்தகம் போதாது. மருத்துவ வழக்குகளில் பழக்கமுள்ள வக்கீலை உடனே பாருங்கள்.

சட்டம் எதைத் தவறு என்கிறது

நோயாளி குணமாகவில்லை என்பதாலோ, இறந்துவிட்டார் என்பதாலோ மருத்துவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. இங்கிலாந்தில் 1957-இல் வந்த போலம் வழக்கின் அளவுகோலையே நம் நீதிமன்றங்களும் அடிப்படையாகக் கொள்கின்றன. உங்கள் துறையில் சராசரித் திறமை உள்ள ஒரு மருத்துவர் அதே சூழ்நிலையில் ஏற்றுக்கொள்ளக்கூடிய முறையில் நீங்கள் நடந்துகொண்டீர்களா என்பதே கேள்வி. இரண்டு சிகிச்சை முறைகள் நடைமுறையில் இருந்து, நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்காக மட்டும் யாரும் உங்களைத் தண்டிக்க முடியாது. சண்டிகரில் நடந்த ஒரு கண்ணிமை அறுவை தொடர்பான வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. அறுவை எதிர்பார்த்த பலனைத் தராதது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்று ஆகாது.

அப்படியானால் மருத்துவர்கள் எங்கே தோற்கிறார்கள்? தீர்ப்புகளை வரிசையாகப் படித்தால் ஒன்று புலப்படும். சிகிச்சை முடிவு தவறாகப் போனதால் தோற்றவர்களோடு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும், எழுத வேண்டியதை எழுதாமலும், மேற்பார்வை செய்ய வேண்டியதை வேறொருவரிடம் விட்டும் தோற்றவர்கள் ஏராளம். இந்த மூன்றும் முழுக்க உங்கள் கையில் இருப்பவை. இந்த அத்தியாயம் பிடித்துக்கொள்ளச் சொல்வதும் இவற்றையே.

வழக்கு வரும் நான்கு வழிகள்

ஒரே சம்பவத்துக்காக நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் புகார் வரலாம். ஒன்றில் வென்றால் மற்றவை தானாக முடிந்துவிடாது.

1. நுகர்வோர் ஆணையம். இந்திய மருத்துவ சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995-இல் வந்த தீர்ப்பு, கட்டணம் வாங்கித் தரும் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் பொதுவாக இதில் வராது. ஆனால் சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் வழக்குப் போடலாம். 2019-இல் வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் நிலைமை இதுவே. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். எந்த ஆணையத்துக்குப் போவது என்பது கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவாவதில்லை, நோயாளி கட்டிய கட்டணத்தை வைத்து முடிவாகிறது. கட்டணம் 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். ஆகவே இழப்பீடு கோடியில் கேட்கப்பட்டாலும் பெரும்பாலான வழக்குகள் உங்கள் மாவட்டத்தில்தான் நடக்கும்.

2. குற்றவியல் வழக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு இருந்த இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்போருக்குப் பொதுவாக 5 ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அப்படிச் செய்திருந்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

3. மருத்துவ கவுன்சில். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் உங்கள் நடத்தையை விசாரிக்கும். எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ நீக்கலாம். இழப்பீடு தரச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. அதன் முடிவை எதிர்த்து 60 நாளுக்குள் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

4. சிவில் நீதிமன்றமும் உயர் நீதிமன்ற ரிட் மனுவும். அரசு மருத்துவமனை தொடர்பான வழக்குகள் பெரும்பாலும் இந்த வழியில் வருகின்றன.

போலீஸ் புகார்: தெரிந்திருக்க வேண்டிய பாதுகாப்பு

குற்றவியல் வழக்கில் மருத்துவருக்குப் பெரிய அரணாக இருப்பது ஜேக்கப் மேத்யூ எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் 2005 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்த வழக்கின் விவரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. லூதியானாவில் ஒரு மருத்துவமனையில் முற்றிய புற்றுநோயோடு இருந்த முதியவருக்கு இரவில் மூச்சுத் திணறல் வந்தது. கொண்டுவந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. மகன் பக்கத்து அறையிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். அதை மாட்டுவதற்குள் ஐந்து முதல் ஏழு நிமிடங்கள் போயின, அப்பா இறந்துவிட்டார் என்பது புகார். இது உண்மையாகவே இருந்தாலும், சிலிண்டர் இல்லாததற்கு மருத்துவமனை இழப்பீடு தரும் பொறுப்புக்கு ஆளாகலாம். மருத்துவர்மீது குற்ற வழக்கு நிற்காது என்றது நீதிமன்றம். குற்றம் என்று சொல்ல வேண்டுமானால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும்.

தீர்ப்பு மூன்று நிபந்தனைகளை விதித்தது. வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்து முதற்கட்ட ஆதாரமாக இல்லாமல் தனிநபர் புகாரை நீதிமன்றம் ஏற்கக் கூடாது. விசாரணை அதிகாரி நடவடிக்கைக்கு முன் நடுநிலையான மருத்துவரிடம், கூடுமானவரை அரசுப் பணியில் உள்ள அந்தத் துறை நிபுணரிடம், கருத்துப் பெற வேண்டும். புகார் வந்தது என்பதற்காக மட்டும் மருத்துவரை வழக்கம்போலக் கைது செய்யக் கூடாது. எஃப்.ஐ.ஆர். பதிவைக் கட்டாயமாக்கிய 2013-ஆம் ஆண்டு லலிதா குமாரி தீர்ப்பும், மருத்துவக் கவனக்குறைவுப் புகார்களில் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுத்திருக்கிறது.

இந்தப் பாதுகாப்பு காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்தார். கூட்டம் கூடியது. சிகிச்சை அளித்த பெண் மருத்துவர்மீது போலீஸ் கொலை வழக்கே பதிந்தது. மறுநாள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வந்து பதினாறு ஆண்டுகள் ஆன பிறகு நடந்தது இது. எனவே தீர்ப்பின் நகல் ஒன்றை உங்கள் மருத்துவமனை ஃபைலில் வைத்திருங்கள். உங்கள் ஊர் மருத்துவ சங்கக் கிளையில் நள்ளிரவில் கூப்பிட்டாலும் எடுக்கக்கூடிய இருவரின் எண்ணும், ஒரு வக்கீலின் எண்ணும் வரவேற்பு மேசையில் எழுதி இருக்கட்டும். அந்த இரவைத் தனியாகக் கடக்க முயலாதீர்கள்.

மருத்துவமனையைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. பிணையில் விட முடியாத குற்றம் அது. புகார் தரும்போது இந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

சம்மதம்: கையெழுத்துக்கு முன் நடக்க வேண்டிய பேச்சு

நம் மருத்துவமனைகளில் அட்மிஷன் போடும்போதே நாலைந்து வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிவிடும் வழக்கம் இருக்கிறது. கூட வந்த அட்டெண்டர் யாரோ அவர் போடுவார். ஏன், எதற்கு என்று அவருக்கும் தெரியாது. அந்தக் கையெழுத்துக்கு நீதிமன்றத்தில் அநேகமாக மதிப்பே இல்லை.

2008-இல் வந்த சமீரா கோலி தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. லேப்ராஸ்கோப்பி மூலம் நோயைக் கண்டறிவதற்காக ஒரு பெண் சம்மதம் தந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, தியேட்டருக்கு வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். மருத்துவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் அது சம்மதம் இல்லாத அறுவைதான் என்று தீர்ப்பளித்தது. உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லை. நோயாளி வயது வந்தவர், சுயநினைவு திரும்பியதும் தானே முடிவெடுக்கக்கூடியவர். அவருக்காக அம்மாவோ கணவரோ சம்மதம் தர முடியாது.

செய்ய வேண்டியவை:

• வயது வந்து, தெளிவான நினைவோடு இருப்பவரிடம் அவருடைய சம்மதத்தையே வாங்குங்கள். குடும்பத்தார் கையெழுத்தைச் சாட்சியாகச் சேர்க்கலாம், மாற்றாக வைக்கக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர்.

• ஐந்து விஷயங்களைச் சொல்லுங்கள்: என்ன செய்யப்போகிறோம், எதற்காக, என்னென்ன சிக்கல் வரக்கூடும், வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும். லட்சத்தில் ஒருவருக்கு வரும் சிக்கலையெல்லாம் அடுக்கிப் பயமுறுத்த வேண்டியதில்லை. கணிசமாக வரக்கூடியதை மறைக்கக் கூடாது.

• படிவம் தமிழில் இருக்கட்டும். வடமாநிலத் தொழிலாளி என்றால் அவர் மொழி தெரிந்த ஒருவர் விளக்கினார் என்று எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

• கண்டறியும் சோதனைக்கு ஒன்று, அறுவைக்கு ஒன்று, மயக்க மருந்துக்கு ஒன்று, ரத்தம் ஏற்றுவதற்கு ஒன்று எனச் சம்மதம் தனித்தனியாக இருக்கட்டும். அறுவையின்போது வேறு ஏதாவது தெரியவந்தால் அதையும் செய்யலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

• தேதியோடு நேரமும் எழுதுங்கள். நோயாளியைத் தியேட்டருக்குள் கொண்டுபோன பின் வாங்கிய கையெழுத்து என்று தெரிந்தால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

உயிர் போகும் அவசரத்தில், சம்மதம் தர யாரும் இல்லாதபோது, நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த நேரத்தில் என்ன அவசரம் இருந்தது என்பதை இரண்டு வரியாவது எழுதி, முடிந்தால் இன்னொரு மருத்துவரின் கையெழுத்தையும் சேர்த்துவிடுங்கள். ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதி வாங்குவதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. வரக்கூடிய ஆபத்தை நோயாளி அறிந்திருந்தார் என்பதை மட்டுமே அது காட்டும். உங்கள் கவனக்குறைவுக்கு அவர் சம்மதித்தார் என்று அது ஆகாது.

கேஸ் ஷீட்: ஒரு பக்கத்தைக் கிட்டத்தில் பார்ப்போம்

குடல்வால் அறுவை முடிந்து ஆறு மணி நேரம் ஆன ஒரு பெண்ணைப் பற்றி டியூட்டி டாக்டர் எழுதிய குறிப்பாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

“நோயாளி நலம். அதே சிகிச்சை தொடரவும்.”

காலையில் அவருக்கு உள் ரத்தக்கசிவு என்று தெரிந்து மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக நேர்ந்தால், இந்த ஒரு வரி என்ன சொல்லும்? மருத்துவர் வந்து பார்த்தாரா என்பதே சந்தேகமாகிவிடும். நர்ஸின் பதிவேட்டில் நாடித்துடிப்பு 112 என்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதே இரவு, அதே நோயாளி, இப்படி எழுதியிருந்தால்:

“இரவு 11.40. அறுவைக்குப் பின் 6 மணி நேரம். வயிற்று வலி அதிகம் என்கிறார். நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 100/60. வயிறு லேசாக உப்பியிருக்கிறது. சிறுநீர் கடந்த 2 மணி நேரத்தில் 40 மி.லி. உள் ரத்தக்கசிவு இருக்கலாம் என ஐயம். ஹீமோகுளோபின் உடனே அனுப்பப்பட்டது. 11.45-க்கு அறுவை மருத்துவருக்குப் போனில் தெரிவிக்கப்பட்டது. 12.10-க்கு அவர் வந்து பார்த்தார். இரண்டு யூனிட் ரத்தம் தயார் செய்யச் சொல்லப்பட்டது. நிலைமை கணவரிடம் விளக்கப்பட்டது.”

இதை எழுத மூன்று நிமிடம் ஆகும். இதில் மருத்துவர் கண்டது, நினைத்தது, செய்தது, சொன்னது என நான்கும் இருக்கின்றன. பின்னால் நோயாளிக்கு என்ன நேர்ந்தாலும், அன்று பொறுப்புள்ள ஒருவர் விழிப்போடு இருந்தார் என்பதை எந்த நிபுணரும் ஒப்புக்கொள்வார். அதைவிட முக்கியம், அடுத்து டியூட்டி மாறி வருபவருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். நல்ல குறிப்பு முதலில் நோயாளியின் உயிரைக் காக்கிறது, பிறகுதான் உங்களை.

பதிவு வைப்பதில் விதிகள் சில உண்டு. உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். தர மறுப்பதே தொழில்முறை ஒழுங்கீனம். குழந்தைகள், பிரசவம், மெடிகோ-லீகல் சம்பந்தப்பட்ட கேஸ் ஷீட்டுகளை 3 ஆண்டோடு அழித்துவிடாமல் மேலும் பல ஆண்டுகள் வைத்திருப்பதே பாதுகாப்பு.

எழுதியதில் பிழை இருந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள். பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி, நேரம், சுருக்கொப்பம் போடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள். பக்கத்தைக் கிழித்து வேறொன்று எழுதாதீர்கள். சம்பவத்துக்குப் பிறகு நினைவுக்கு வந்ததைச் சேர்க்க வேண்டுமானால் ‘பின்னர் எழுதியது’ என்று குறிப்பிட்டு அன்றைய தேதியிலேயே எழுதுங்கள். சிகிச்சை முழுக்கச் சரியாக இருந்தும், திருத்திய ஒரு பக்கத்தால் வழக்கு கைவிட்டுப் போக முடியும். ஒரு பொய் பிடிபட்டபின் மற்ற எதையும் நீதிபதி நம்பமாட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது

டிஸ்சார்ஜ் சம்மரியை அவசரத்தில் தட்டச்சு செய்பவரிடம் விட்டுவிடுகிறோம். சட்ட ரீதியில் அது மிக முக்கியமான காகிதம். சென்னை எழும்பூர் அரசு தாய்சேய் மருத்துவமனையில் 1996-இல் 29-ஆவது வாரத்தில் 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. பிறந்த சில வாரங்களில் சோதித்தால் பார்வையைக் காக்க வாய்ப்பு இருக்கிறது. அந்தச் சோதனை செய்யப்படவில்லை. செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. மாதங்கள் கழித்து வேறொரு ஊரில் பார்த்த குழந்தை மருத்துவருக்குத்தான் சந்தேகம் வந்தது. அதற்குள் பார்வை போய்விட்டது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. மாநில அரசும் அந்தப் பொறுப்பிலிருந்து தப்பவில்லை.

ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய ஆலோசனை அது: எந்தத் தேதிக்குள், எந்த நிபுணரிடம், எதற்காகக் கண் பரிசோதனை. ஆகவே உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று பகுதிகள் கட்டாயம் இருக்கட்டும். அடுத்து வர வேண்டிய தேதி. வெளியே எடுக்க வேண்டிய சோதனைகளும் அவற்றின் காரணமும். எந்த அறிகுறி வந்தால் தேதிக்குக் காத்திராமல் உடனே வர வேண்டும் என்பது. மூன்றாவது பகுதி தமிழில் இருக்க வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும்.

மருத்துவரின் ஆலோசனையை மீறி அழைத்துப் போகிறார்கள் என்றால், ‘சொந்தப் பொறுப்பில் போகிறோம்’ என்ற கையெழுத்து மட்டும் போதாது. போனால் என்ன ஆபத்து என்று நீங்கள் விளக்கியதை எழுதுங்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதானால் முதலுதவி செய்து, நிலைப்படுத்தி, என்னென்ன கொடுத்தோம் என்று நேரத்தோடு எழுதிய கடிதத்தைக் கொடுத்து அனுப்புங்கள். போய்ச்சேரும் இடத்துக்குப் போன் செய்து, யாரிடம் பேசினோம் என்பதையும் குறியுங்கள்.

உங்கள் பெயரில் மற்றவர்கள் செய்யும் வேலை

டெல்லியில் ஒரு மருத்துவமனையில் டைஃபாய்டு காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட குழந்தைக்கு, எழுதிய ஊசிக்குப் பதிலாக மலேரியாவுக்கான குளோரோகுவின் ஊசியை நர்ஸ் ரத்தக்குழாயில் போட்டுவிட்டார். குழந்தையின் மூளை மீள முடியாமல் பாதிக்கப்பட்டது. ஸ்பிரிங் மெடோஸ் வழக்கு எனப்படும் இதில் 1998-இல் உச்ச நீதிமன்றம், குழந்தைக்கு 12 லட்சத்து 50 ஆயிரம், பெற்றோரின் மனவேதனைக்காகத் தனியாக 5 லட்சம் ரூபாய் என்ற இழப்பீட்டை உறுதி செய்தது. அந்த நர்ஸுக்கு உரிய தகுதி இருக்கவில்லை. அவரை வேலைக்கு வைத்த மருத்துவமனையும், ஊசி போடும் வேலையை அவரிடம் விட்ட மருத்துவரும் பொறுப்பானார்கள்.

உங்களிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரின் சான்றிதழையும் பதிவு எண்ணையும் சரிபார்த்து ஃபைலில் வையுங்கள். மருந்துப் பெயர்களைப் பெரிய எழுத்தில், படிக்கும்படி எழுதுங்கள். போனில் ஆர்டர் தந்தால் நர்ஸைத் திருப்பிச் சொல்லவைத்து, வந்ததும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் தகுதிக்கு அப்பாற்பட்ட சிகிச்சையில் இறங்காதீர்கள். ஹோமியோபதி மட்டும் படித்தவர் ஆங்கில மருந்து கொடுத்த வழக்கில், அப்படிக் கொடுத்ததே கவனக்குறைவுதான் என்று 1996-இல் தீர்ப்பானது.

வாட்ஸ்அப்பில் மருந்து எழுதுவதும் சிகிச்சைதான். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இதற்குப் பொருந்தும். நேரில் பார்த்தாக வேண்டிய நோயாளி என்று தோன்றினால் ‘உடனே வாங்க’ என்று எழுதி அனுப்புங்கள். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

எழுத்துப் பிழையே குற்றமாகும் இடம்

ஸ்கேன் சென்டர் நடத்துபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில், எஃப் படிவத்தில் உள்ள குறைபாடே சட்டமீறலாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. படிவத்தை ரிசப்ஷனில் இருப்பவர் நிரப்பினாலும் நீங்கள் முழுதாகப் படித்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும்.

18 வயது நிரம்பாத பெண் கர்ப்பமாக வந்தால், கல்யாணம் ஆனவர் என்றாலும், போக்சோ சட்டத்தின்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. அதற்காகச் சிகிச்சையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. கருக்கலைப்பு கேட்டு வரும் சிறுமியின் அடையாளத்தை, அவரும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், வெளியிட வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அசம்பாவிதம் நடந்துவிட்டால்

1. குடும்பத்தாரிடம் மூத்த மருத்துவரே, நேரில், உட்கார்ந்து பேசட்டும். நர்ஸையோ மேனேஜரையோ அனுப்பாதீர்கள். என்ன நடந்தது, என்ன செய்தோம் என்பதைப் புரியும் தமிழில் சொல்லுங்கள். வருத்தம் தெரிவிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. காரணம் தெரியாதபோது ‘இன்னும் தெரியவில்லை’ என்றே சொல்லுங்கள். மற்றொரு மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள்.

2. கேஸ் ஷீட்டை அன்றே முடித்து, நகல் எடுத்து, அசலைப் பூட்டி வையுங்கள். கேமரா பதிவு அழிந்துபோகாமல் எடுத்து வையுங்கள். பயன்படுத்திய மருந்துக் குப்பி, உபகரணம், மானிட்டர் பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

3. மரணத்தின் காரணம் தெளிவாக இல்லையென்றால் பிரேதப் பரிசோதனைக்கு நீங்களே பரிந்துரையுங்கள். குடும்பத்தார் மறுத்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். பல வழக்குகளில் மருத்துவரைக் காப்பாற்றியது அந்த அறிக்கைதான்.

4. பில் பாக்கிக்காக உடலைத் தர மறுக்காதீர்கள். அது மனிதத்தன்மையும் இல்லை, சட்டமும் இல்லை.

5. வாட்ஸ்அப் குழுக்களில் அந்த நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள்.

6. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள்.

நோட்டீஸ் வந்த பிறகு

வக்கீல் நோட்டீஸைப் புறக்கணிக்காதீர்கள். கோபத்தில் நீங்களே பதில் எழுதவும் வேண்டாம். அதில் வரும் ஒவ்வொரு சொல்லும் பின்னால் ஆதாரமாகும். நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, கேஸ் ஷீட் நகலோடு வக்கீலிடம் கொடுங்கள். உங்கள் துறையில் மூத்தவர் ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டி மனம் திறந்த கருத்துக் கேளுங்கள்.

ஆணையத்தின் நோட்டீஸ் வந்துவிட்டால் நாட்காட்டியில் குறியுங்கள். பதில் தாக்கல் செய்ய 30 நாள். கேட்டால் மேலும் 15 நாள் கிடைக்கலாம். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. நாளைத் தவறவிட்டால் உங்கள் பதிலே இல்லாமல் வழக்கு நடக்கும். மாவட்ட ஆணையத்தில் தோற்றால் மேல்முறையீட்டுக்கு 45 நாள். தீர்ப்பான தொகையில் பாதியைக் கட்டிவிட்டே போக முடியும்.

தவறு உங்கள் பக்கம் என்று ஆவணமே சொன்னால், சமரசத்துக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. வக்கீல் மூலம், எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்; மரணமோ கடுமையான காயமோ நேராத வழக்கானால் ஆணையத்தின் சமரச மையத்திலேயே முடிக்கலாம். பாதிக்கப்பட்ட குடும்பத்தைப் பத்து வருடம் அலையவிடுவதில் யாருக்கும் கௌரவம் இல்லை.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் ஒரு நாளும் நோயாளி பார்க்க வேண்டாம். மருத்துவமனையின் பாலிசி உங்களைச் சேர்க்கிறதா என்று கேட்டு, தனியாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாலிசிகள் பெரும்பாலும் வழக்கு வரும் காலத்தில் நடப்பில் இருந்தால்தான் பணம் தரும். இடையில் ஒரு வருடம் விட்டுவிட்டால் பழைய சிகிச்சைகளுக்கான பாதுகாப்பும் போய்விடலாம். ஓய்வு பெற்ற பின்னும் சில ஆண்டுகள் தொடருங்கள். ஒரு வழக்குக்கு எவ்வளவு, ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்ற இரண்டு வரம்பையும் பார்த்து வாங்குங்கள். கொல்கத்தாவில் நடந்த ஒரு சிகிச்சைக்காக 2013-இல் உச்ச நீதிமன்றம் விதித்த இழப்பீடு ஏறத்தாழ 6 கோடி ரூபாய். பத்து லட்சம் பாலிசி போதும் என்ற காலம் போய்விட்டது. குற்ற வழக்கில் விதிக்கும் அபராதத்தை எந்தப் பாலிசியும் கட்டாது.

இந்த வாரமே செய்து முடியுங்கள்

• வெற்றுச் சம்மதப் படிவங்களை அகற்றிவிட்டு, நீங்கள் செய்யும் ஒவ்வொரு அறுவைக்கும் தமிழில் தனிப் படிவம் தயார் செய்யுங்கள்.

• கடந்த மாதத்துக் கேஸ் ஷீட்டுகளில் பத்தை எடுத்து, முன்பின் தெரியாத ஒருவர் படிப்பதுபோலப் படியுங்கள். நேரம் எழுதாத குறிப்புகளைக் கணக்கெடுங்கள்.

• ஆக்ஸிஜன் சிலிண்டர், உறிஞ்சும் கருவி, அவசர மருந்துப் பெட்டி மூன்றையும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் சோதித்துக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு வையுங்கள்.

• நர்ஸ்களின் பதிவுச் சான்றிதழ்களைச் சரிபாருங்கள்.

• பாலிசியின் முடிவுத் தேதியைப் பாருங்கள்.

வழக்குக்குப் பயந்து தேவையில்லாத ஸ்கேன் எழுதுவதும், கஷ்டமான நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் பாதுகாப்பு ஆகாது. அவசரத்தில் வந்தவரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கஷ்டமான நோயாளியைத் துணிந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடமும் குடும்பத்தாரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். செய்ததை அன்றே எழுதுங்கள். எழுதியதில் கை வைக்காதீர்கள். இந்த நான்கையும் கடைப்பிடிக்கும் மருத்துவர் நீதிமன்றத்தில் தலைநிமிர்ந்து நிற்கலாம். அவரிடம் வரும் நோயாளியும் நம்பி உள்ளே வரலாம்.